மேல் கோட்டுக்கு மேல் அரை விரல்

அண்ணன் ஆற்றில் பயணிகள் படகு ஓட்டினான். அந்தப் படகின் எஞ்சினில் எந்த எரிபொருளை ஊற்றலாம் என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் அவனுடைய தங்கை. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேரும் ஒரே எஞ்சினின் இரண்டு முனைகளில் வந்து நிற்பார்கள் என்று யாரும் திட்டமிடவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

அவளைவிட அவன் ஆறு வயது மூத்தவன். அவள் பிறந்தபோது கையில் தூக்கவே பயமாக இருக்குமாம், அவ்வளவு சின்ன உருவம். அன்றைக்கு அவன் வைத்த ‘பொடி’ என்ற பெயர், அவள் ஆய்வகத்தில் முதுநிலைப் பொறியாளர் ஆன பிறகும் மாறவில்லை. ஒருமுறை ஆய்வகத் தொலைபேசியில் கூப்பிட்டு, “பொடி இருக்காளா?” என்று கேட்டிருக்கிறான். எடுத்தவர், “மூக்குப்பொடியெல்லாம் இங்க கிடையாது சார்” என்று வைத்துவிட்டார். அதை வருடக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. படகுத்துறையில் அவனை ‘ரைட்டர்’ என்பார்கள். மற்ற ஓட்டுநர்கள் பதிவேட்டில் ‘சரி’ என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்ளும் இடத்தில் இவன் நாலு வரி எழுதுவான். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு, எஞ்சின் எந்தச் சத்தத்தில் எழுந்தது, எல்லாம் இருக்கும். “இவன் பொண்டாட்டிக்குக்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டான்” என்று கயிறு கட்டும் ஊழியர் கேலி செய்வார். அவன் காதில் போட்டுக்கொள்ளமாட்டான்.

அவள் வேலை செய்த அறையின் நடுவில் கால்பந்து அளவுக்கு ஓர் இரும்புக் கலம் உண்டு. பக்கங்களில் கனமான கண்ணாடி ஜன்னல்கள். எஞ்சின் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அதற்குள் உண்டாக்கி, இன்ஜெக்டர் வழியாக எரிபொருளைப் பீய்ச்சுவார்கள். கண் இமைப்பதில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதிவேகக் கேமரா அதைப் பிடித்து மெதுவாகத் திரையில் ஓட்டிக் காட்டும். நல்ல டீசல் என்றால், முடி நுழையும் துளையிலிருந்து வெளிவந்த உடனே விரிந்து, பனிமூட்டம்போலப் பரவும். துளிகள் எவ்வளவு பொடியாக உடைகின்றனவோ அவ்வளவு சீக்கிரம் ஆவியாகிக் காற்றோடு கலந்து எரியும். பதினொரு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். சலித்ததே இல்லை.

ஆற்றின்மேல் படியும் கரும்புகையை ஒழிக்கப் படகுப் போக்குவரத்துத் துறை ஒரு முடிவெடுத்தது. உணவகங்களில் பொரித்துக் கழித்த எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலையே எல்லாப் படகுகளுக்கும் ஊற்றுவது. சோதிக்கும் பொறுப்பு அவளுடைய ஆய்வகத்துக்கு வந்தது.

பயோடீசல் டீசலைவிடக் கெட்டியானது. அதன் மேற்பரப்பு இழுவிசையும் சற்றுக் கூடுதல். அதனால் எளிதில் உடையாது. துளிகள் பெரிதாக இருக்கும், தெளிப்பின் கூம்பு ஒடுங்கும், நுனி கூடுதல் தூரம் பாயும். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எரிபொருளை நாற்பது டிகிரியில் வைத்துச் சோதித்தபோது வித்தியாசம் பொறுத்துக்கொள்ளும் அளவில்தான் இருந்தது. தரவிதி கேட்பதும் அந்த நாற்பது டிகிரிதான். ஆனால் அவளே எழுதிய சோதனைத் திட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. ‘ஐந்து டிகிரி.’ அந்த மாதம் குளிரூட்டும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. உதிரிப்பாகம் வர ஏழு வாரம் ஆகும் என்றார்கள். துறையிலிருந்து தினமும் போன். அவள் ஸ்கேல் வைத்து அந்த வரியின்மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் ‘தரவிதிப்படி தேவையில்லை’ என்று எழுதினாள். கடைசிப் பக்கத்தில் ‘ஏற்றது’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

கோடைக்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. புகை குறைந்தது. “உன் எண்ணெய் வந்ததுலேர்ந்து படகுல பொரியல் வாசனைதான். காலையிலேயே பசியைக் கிளப்பிவிடுது” என்றான் அண்ணன். பெருமையாகத்தான் சொன்னான். ஏறும் பயணிகளிடமெல்லாம், “இது என் தங்கச்சி பாஸ் பண்ணின எண்ணெய்” என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கயிறு கட்டுபவர் பிறகு அவளிடம் சொன்னார்.

குளிர் இறங்கிய இரண்டாவது வாரம். மதிய உணவு நேரத்தில் போன் வந்தது.

“பொடி, ஒரு சந்தேகம்.”

“சொல்லுண்ணா. சீக்கிரம் சொல்லு, கலத்துல அழுத்தம் ஏத்தி வச்சிருக்கேன்.”

“எஞ்சின் ஆயில் குறையறதைத்தான் இதுவரைக்கும் பார்த்திருக்கேன். இப்ப ஏறுது. ஆயில் அளக்கிற ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தா மேல் கோட்டுக்கு மேல அரை விரல் நிக்குது. நான் ஒரு சொட்டு ஊத்தல.”

அவள் கண் திரையில் இருந்தது. “உன் எஞ்சின் எண்ணெய்க் கிணறு தோண்டுதோ என்னவோ.”

“நிஜமாத்தான் கேக்கறேன்.”

“ஸ்டிக்கைத் துடைக்காமப் பார்த்திருப்பே. இல்லன்னா படகு சாஞ்சு நின்னிருக்கும். கையெழுத்துப் போட்டது நான்தானே, பயப்படாம ஓட்டு.”

அவன் சிரித்தான். “சரி மேடம்” என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தான்.

அதற்குப் பதினான்கு நாள் கழித்து, காலையில் கிளம்பிய முதல் படகு நடு ஆற்றில் நின்றது.

என்ன நடந்தது என்பதைக் கயிறு கட்டுபவர்தான் சொன்னார். பத்தொன்பது பேர் ஏறியிருந்தார்கள். மழைக்குப் பிறகான வெள்ளம். பாதி தூரத்தில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல நாலைந்து தடவை கேட்டது. பிறகு ஒரு கிறீச்சிடல், அப்புறம் நிசப்தம். படகு பக்கவாட்டில் திரும்பி, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் இருந்த பாலத்தின் தூணை நோக்கிப் போனது. நங்கூரம் போட்டார்கள், அது மணலில் பிடிக்காமல் இழுபட்டது. அண்ணன் எல்லோரையும் மறுபக்கம் போய் உட்காரச் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. “மெதுவாப் போங்க, இடம் இருக்கு, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே பழைய டயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்குப் போனான். தூணுக்கும் படகுக்கும் நடுவில் சரியாக அதைக் கொடுத்தான். முதல் மோதலை டயர் வாங்கிக்கொண்டது. படகு பின்வாங்கி, சுழன்று, இரண்டாவது தடவை வந்து மோதியபோது நடுவில் அவன் இருந்தான்.

பத்தொன்பது பேரையும் மணல் படகுக்காரர்கள் இறக்கினார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் விசாரணை அதிகாரியின் முதல் அறிக்கை வந்தது. அண்ணி அதைத் தபால் நிலையத்திலேயே படித்துவிட்டாள். அவள் வேலை அங்கேதான், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பது. தன் பெயருக்கு வந்த உறையைத் தானே பிரித்து, நின்ற இடத்திலேயே படித்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அன்றைய கட்டுகளை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் நாத்தனாரைக் கூப்பிட்டு நீட்டினாள்.

அறிக்கையில் இப்படி இருந்தது: ‘இயந்திர எண்ணெயை ஓட்டுநர் அளவுக்கு மீறி நிரப்பியதால் அது நுரைத்து, அழுத்தம் இழந்து, பேரிங்குகள் இறுகிப்போயின. மட்டம் அதிகம் என்பதை ஓட்டுநரே பதிவேட்டில் பதினாறு நாள் எழுதியுள்ளார். விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு.’

“கவனக்குறைவு” என்றாள் அண்ணி. “கேஸ் அடுப்பை மூடிட்டேனான்னு படியிறங்கினப்புறம் மூணு தடவை திரும்பி வந்து பார்க்கிற மனுஷன். அவருக்குக் கவனக்குறைவாம்.”

ஒன்பது வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். “அத்தை, அப்பா தப்புப் பண்ணிட்டாரா?”

“இல்லடா.”

“அப்ப ஏன் எழுதியிருக்காங்க?”

அவள் அறிக்கையை மடித்தாள். உறையோடு வந்திருந்த பதிவேட்டு நகலைப் புரட்டினாள். அண்ணனின் சாய்வான கையெழுத்து. ‘ஆயில் மட்டம் மேல் கோட்டுக்கு மேல் அரை விரல். ஏற்றவில்லை.’ மறுநாள்: ‘அதே. ஏற்றவில்லை.’ அதற்கு மறுநாள்: ‘முக்கால் விரல். ஆயில் விரலில் நிற்காமல் ஓடுகிறது. தங்கையிடம் கேட்டாகிவிட்டது.’

அந்தக் கடைசி வரியில் அவள் விரல் நின்றது. அதிகாரி அதைப் படித்திருக்கலாம். தங்கை என்றால் யாரோ வீட்டுப் பெண் என்று நினைத்திருப்பார். அண்ணியும் படித்திருக்கலாம். நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் படகுத்துறைக்குப் போனாள். கரையேற்றி வைத்திருந்த படகுக்குள் கயிறு கட்டுபவர் அவளுக்காக இறங்கி, எஞ்சினின் அடியிலிருந்து ஒரு பாட்டில் ஆயில் எடுத்துக் கொடுத்தார். ஆய்வகத்துக்கு வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தாள். சோதித்தபோது ஐந்தில் ஒரு பங்கு ஆயிலே இல்லை, பயோடீசல். மீதி ஆயிலும் அதில் கலந்து தண்ணீராகியிருந்தது.

குளிரூட்டும் இயந்திரம் இப்போது வேலை செய்தது. உதிரிப்பாகம் எப்போதோ வந்துவிட்டது. கோடு போட்டு அடித்த அந்தச் சோதனையை அவள் அன்று செய்தாள். எரிபொருளை ஐந்து டிகிரிக்குக் கொண்டுவந்து, கலத்தையும் அப்போதுதான் கிளம்பிய எஞ்சின் அளவுக்கே சூடாக்கி, ஒரே ஒரு முறை பீய்ச்சினாள்.

திரையில் பனிமூட்டம் வரவில்லை. துளையிலிருந்து ஒரு கம்பி நீண்டது. வளையாத, விரியாத, பளபளப்பான கம்பி. ஓரங்களில் மட்டும் சில தடித்த துளிகள் பிய்ந்தன. மற்றதெல்லாம் காற்றைக் கண்டுகொள்ளாமல் கலத்தைக் கடந்துபோய் எதிர்ச் சுவரில் அறைந்து, வழிந்து இறங்கியது. அவள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். எஞ்சினில் அந்தச் சுவர் சிலிண்டரின் சுவர். எரியாமல் அதில் ஒட்டிய எரிபொருள், அங்கே இருக்கும் ஆயில் பூச்சைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஆயிலுக்குள் இறங்கும். டீசலாக இருந்தால் எஞ்சின் சூடேறும்போது பாதியாவது ஆவியாகிப் போயிருக்கும். பயோடீசல் போகாது. தங்கிவிடும். பன்னிரண்டு நிமிடம் ஓடிப் பதினைந்து நிமிடம் நிற்கும் படகில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதும் இல்லை. காலைக்குக் காலை ஆயில் மட்டம் ஏறும். ஏற ஏற நீர்க்கும். ஒருநாள் பேரிங்கைத் தாங்க அதில் வலு இருக்காது.

ஆய்வகத் தலைவர் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. அவரும் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை வெளியே கொண்டுபோனா உன் கையெழுத்து, என் கையெழுத்து ரெண்டும் கேள்விக்கு வரும்” என்றார்.

“வரட்டும் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் அல்ல. நிறைய நேரம் துடைத்தார். “கூலிங் மெஷின் பழுதா இருந்ததுன்னும் எழுதிக்கோ. அது உண்மைதானே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பியைப் பற்றி, ஆயிலைப் பற்றி, அடித்த வரியைப் பற்றி, மேல் விசாரணைக்கு அமைத்த குழுவிடம் சொல்ல அவள் தயாராகிவிட்டாள். அண்ணனின் பெயரை மீட்க அதுவே போதும். போனில் பேசியதைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. பதிவேட்டில் இருக்கும் அந்த ஒரு வரியை யாரும் தோண்டப்போவதில்லை. இரண்டு நாள் இதையே மனதில் போட்டு உருட்டினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி வீட்டுக்குப் போனாள்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். வந்தவள் மடிக்கணினியை விரித்து இரண்டு தெளிப்பையும் காட்டினாள், முதலில் சூடானது, பிறகு குளிர்ந்தது. அண்ணி கைவேலையை நிறுத்திவிட்டுக் கவனமாகப் பார்த்தாள்.

“அப்ப அவர் மேல தப்பு இல்ல.”

“இல்ல அண்ணி. என் மேலதான். மெஷின் ரிப்பேர்னு இந்தச் சோதனையைச் செய்யாமலே சரின்னு எழுதிட்டேன்.”

“மெஷின் ரிப்பேர்னு சொன்னியே.”

“அது மட்டும் இல்ல.” அவள் மடிக்கணினியை மூடினாள். “அண்ணன் எனக்குப் போன் பண்ணினான். ஆயில் ஏறுதுன்னு சொன்னான். அந்த ஒரு வார்த்தை போதும் அண்ணி, எனக்குப் புரிஞ்சிருக்கணும். இதைத்தான் நான் படிச்சிருக்கேன். நான் கிண்டல் பண்ணிட்டு வச்சிட்டேன்.”

“என்ன சொல்லிக் கிண்டல் பண்ணினே?”

சொன்னாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

“சிரிச்சாரா?”

“சிரிச்சான்.”

அண்ணி கையிலிருந்த துண்டை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், மறுபடி பிரித்தாள். “அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னார். ‘பொடிகிட்ட கேட்டுட்டேன், ஒண்ணும் இல்லையாம்’னார். ரெண்டு நாளா அதையே யோசிச்சுக்கிட்டு இருந்த மனுஷன் அன்னைக்கு நல்லாத் தூங்கினார்.”

அவள் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுதால் அது அண்ணியிடம் ஆறுதல் கேட்பதுபோல ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“குழுவுல இதையும் சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“சரி. இப்பப் போயிடு. அவ வர்றதுக்குள்ள போயிடு.”

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நீளமான மேசை, தண்ணீர்க் குவளைகள், சுவரில் தாமதமாக ஓடும் கடிகாரம். அவள் இரண்டு படங்களையும் காட்டினாள். ஆயில் சோதனை முடிவைக் கொடுத்தாள். கோடு போட்ட பக்கத்தைத் தானே எடுத்து வைத்தாள். நடுவில் இருந்த அம்மையார் கேட்டார்: “ஓட்டுநர் பதினாறு நாள் எழுதியிருக்கிறார். எழுதியதோடு நிறுத்திவிட்டாரா? யாரிடமாவது கேட்டிருக்கலாமே?”

“கேட்டார். சரியான ஆளைத்தான் கேட்டார். என்னை.”

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அண்ணி எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

திருத்திய அறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. ‘ஓட்டுநர் தம் கடமையில் எக்குறையும் வைக்கவில்லை, அவருடைய பதிவுகளே காரணத்தை அறிய உதவின.’ அவ்வளவுதான், ஒரே வாக்கியம். படகுகளின் எரிபொருள் தொட்டிகளில் வெப்பக்கம்பி பொருத்தினார்கள். குளிர்காலத்துக்கு டீசலில் சிறிதளவு பயோடீசல் மட்டும் கலப்பது என்று முடிவானது. ஆய்வகத்தில் ஐந்து டிகிரிச் சோதனை கட்டாயமானது. சான்றிதழில் கையெழுத்திடும் பொறுப்பிலிருந்து அவளை இரண்டு வருடத்துக்கு நீக்கினார்கள். கலத்தின் கண்ணாடியைத் துடைப்பது, கேமராவைச் சரிபார்ப்பது, மற்றவர்கள் எழுதப்போவதற்கு எண்களை எடுத்துக் கொடுப்பது என்று அவள் நாட்கள் போயின. வீட்டுக்கு வந்தால் சும்மா உட்கார்ந்திருப்பாள். போன் அடித்தால், யாரென்று பார்ப்பதற்கு முன் ஒரு நொடி அவனாக இருக்கும் என்று தோன்றும். அந்த நொடி எத்தனை மாதம் ஆனாலும் போகவில்லை.

அண்ணி பேசவில்லை. அவளும் தொந்தரவு செய்யவில்லை. மாதம் ஒருமுறை அண்ணன் மகளுக்குக் கதைப் புத்தகம் தபாலில் அனுப்புவாள். அது அண்ணியின் கை வழியாகத்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் திரும்பி வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அண்ணியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“சமையலறைக் குழாய் ஒழுகுது. ரெண்டு பேரைக் கூப்பிட்டேன், வர்றேன் வர்றேன்னு வரல. உனக்குப் பார்க்கத் தெரியுமா?”

“தெரியும் அண்ணி. வர்றேன்.”

கருவிப் பெட்டியோடு போனாள். கதவைத் திறந்த மகள் ஓர் அங்குலம் வளர்ந்திருந்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை, விலகியும் நிற்கவில்லை. “அத்தை வந்துட்டாங்க” என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

“மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே” என்றாள் அண்ணி. “குழாய் ஒழுகுச்சு. கூப்பிட்டேன்.”

“தெரியும் அண்ணி.”

தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் படுத்துக்கொண்டு வால்வை மூடினாள். வாஷர் தேய்ந்து கிழிந்திருந்தது. புதியதைப் போட்டு இறுக்கும்போது அண்ணியின் கால்கள் பக்கத்தில் வந்து நின்றன.

“ஒண்ணு கேக்கவா? நீதான் எல்லாத்தையும் அளந்து பார்க்கிறவளாச்சே.” குரல் மேலிருந்து வந்தது, முகம் தெரியவில்லை. “அந்தத் தூண்கிட்ட… அவருக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?”

ஸ்பேனர் அவள் கையிலேயே நின்றது. இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான்.

“தெரியல அண்ணி.”

தண்ணீர் சொட்டுவது நின்றிருந்தது. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

“டாக்டர்லேர்ந்து எல்லாரும் வலிச்சிருக்காது, வலிச்சிருக்காதுன்னுதான் சொன்னாங்க” என்றாள். “ஒருத்தர் சொன்னதையும் என்னால நம்ப முடியல.”

அவள் தொட்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, ஈரத் தரையில் அண்ணிக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கூடத்தில் மகள், புத்தகத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து, சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.